சுவிட்சர்லாந்தின் சிறு கிராமம் ஒன்றின் புவியியலும் வரலாறும் எப்படி இருக்கும்? எல்ம் என்னும் ஊரை முன்வைத்து ஒரு பதில்

சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பட்டியல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு சிற்றூரின் நிலவமைப்பையும் வரலாற்றையும் யாராவது விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாக எழுதுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொள்வது பயன் தரும் என்பதால் எல்ம் ஊரைத் தேர்ந்தெடுக்கிறேன். எழுநூறு பேர்கூட வசிக்காத இந்த ஊரின் வரலாற்றை அதன் பாறைகளைத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள இயலாது என்பது என் கருத்து.

கிழக்குச் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில், செர்ன்ஃப் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 980 மீட்டர் உயரத்தில் எல்ம் அமைந்துள்ளது. ஷ்வாண்டன் என்னும் ஊரிலிருந்து வரும் சாலை ஏறக்குறைய இங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலங்களும், இராணுவத்தின் பயிற்சித் திடலும், கால்நடையாகக் கடக்க வேண்டிய கணவாய்களுமே உள்ளன. 1905 முதல் 1969 வரை ஷ்வாண்டனிலிருந்து சிறு இரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. இப்போது பேருந்துதான்.

ஊரிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் ட்ஷிங்கெல்ஹோர்னர் என்னும் பற்களைப் போன்ற சிகரங்கள் தெரியும். அவற்றின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் நேரான ஒரு வரி ஓடுகிறது. அந்த வரிக்கு மேலே உள்ள பாறையின் வயது 25 முதல் 30 கோடி ஆண்டுகள். கீழே உள்ளதன் வயதோ 3.5 முதல் 5 கோடி ஆண்டுகள் மட்டுமே. பழைய படிவு கீழும் புதியது மேலும் இருப்பதுதானே இயற்கை? இங்கே அது தலைகீழாக இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே கவனித்த சுவிஸ் நிலவியலாளர் ஆர்னோல்ட் எஷர், பாறை இரண்டு பெரும் மடிப்புகளாக மடங்கியதால் இப்படி ஆகியிருக்கலாம் என்று எச்சரிக்கையுடன் விளக்கினார். 1884இல் மார்செல் பெர்ட்ராண்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரே ஒரு பெரும் பாறைப்பாளம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இளைய பாறையின் மீது ஏறி நகர்ந்துவிட்டது என்று கூறினார். எஷரின் மாணவரான ஆல்பர்ட் ஹைம் இதை நெடுங்காலம் எதிர்த்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏற்றுக்கொண்டார். ஆப்பிரிக்க, ஐரோப்பிய நிலத்தட்டுகள் மோதி ஆல்ப்ஸ் உருவானபோது நிகழ்ந்த இந்த நகர்வின் தூரம் பல பத்துக் கிலோமீட்டர். இதற்காகவே இந்தப் பகுதி 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அந்த வரிக்குச் சற்றுக் கீழே, மலையை ஊடுருவி ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள ஓர் இயற்கைத் துளை இருக்கிறது. தன் ஆடுகளைத் திருடிய அரக்கன் மீது புனித மார்ட்டின் எறிந்த இரும்புப் பூண் போட்ட கோல் மலையில் பட்டு உண்டானது என்பது ஊர்க்கதை. ஆகையால் அதற்கு மார்ட்டின்ஸ்லோக் என்று பெயர். ஆண்டுதோறும் மார்ச் 12, 13 தேதிகளிலும் செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்க நாட்களிலும் காலையில் சூரியன் அந்தத் துளைக்குப் பின்னால் வருகிறது. அப்போது பள்ளத்தாக்கு முழுவதும் நிழலில் கிடக்க, ஒளிக்கற்றை ஒன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தேவாலயத்தின் மீது விழுகிறது. இரண்டு நிமிடங்களுக்கு மேல் அது நிற்பதில்லை. தேவாலயத்தைக் கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தில் கட்டினார்கள் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பகுதியில் கட்டடம் எழுப்பத் தக்க சமநிலம் மிகவும் குறைவு.

வரலாற்றுப் புத்தகங்களில் எல்ம் இடம்பெற்றது 1799 அக்டோபரில். பிரெஞ்சுப் புரட்சிக் காலப் போர்களில் பிரெஞ்சுப் படைகளிடமிருந்து தப்பி வந்த ரஷ்யத் தளபதி சுவோரவ், அக்டோபர் 5 இரவு இவ்வூரில் தங்கிவிட்டு, களைத்துப் போன தம் படையுடன் 2,407 மீட்டர் உயரமுள்ள பானிக்ஸ் கணவாயைப் புதுப்பனியில் கடந்தார். பீரங்கிகள் கைவிடப்பட்டன, வீரர்கள் பலர் வழியிலேயே மாண்டனர். அவர் தங்கிய வீடு இன்றும் இருக்கிறது.

ஆனால் ஊரைப் புரட்டிப்போட்டது போரன்று, சிலேட்டு. கீழே உள்ள இளைய படிவில் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறச் சிலேட்டுக்கல் மெல்லிய தகடுகளாகப் பிளக்கக்கூடியது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கியபோது மாணவர்களுக்கான எழுதுபலகைகளின் தேவை பெருகியது. 1868இல் எல்ம் ஊருக்கு மேலுள்ள சரிவில் குவாரி தொடங்கியது. மாடு மேய்த்தும் புல் அறுத்தும் வாழ்ந்தவர்களுக்கு அது கூலியாகக் கையில் காசு தந்தது; சுரங்க அனுபவம் உள்ளவர்களோ அங்கே அநேகமாக இல்லை. மலையின் அடிப்பகுதியை ஏறத்தாழ 180 மீட்டர் அகலத்திற்கு, போதிய தாங்குதூண்கள் விடாமல், உள்நோக்கிக் குடைந்துகொண்டே போனார்கள். மேலே சரிவில் விரிசல் தோன்றி ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. 1881 கோடையில் மழை மிகுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கற்கள் உருளத் தொடங்கியதால் வேலை நிறுத்தப்பட்டது; பார்வையிட வந்தவர்கள் உடனடி ஆபத்து இல்லை என்று கருதினார்கள்.

செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை, மலை மூன்று தவணைகளில் இறங்கியது. முதற்சரிவுக்கும் இரண்டாவதற்கும் இடையே பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஓடியவர்களும் உண்டு, அண்டை வீட்டாருக்கு உதவ நின்றவர்களும் உண்டு. சில நிமிடங்களில் மூன்றாவது வந்தது. ஒரு கோடிக் கன மீட்டர் பாறை பொடிந்து, ஏறக்குறைய சமதளமான பள்ளத்தாக்கின் மீது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு வெள்ளம் போல் ஓடி, உண்டர்டால் என்னும் குடியிருப்பை மூடியது. மேடான எதிர்ச்சரிவே பாதுகாப்பு என்று எண்ணி அங்கே ஏறியவர்களையும் அது எட்டிவிட்டது. ஏறத்தாழ 115 பேர் இறந்தனர். தேவாலயமும் பழைய ஊரும் தப்பின.

விழுந்த பாறை ஏன் அவ்வளவு தூரம் ஓடியது என்பது இன்றும் ஆய்வாளர்களை ஈர்க்கும் கேள்வி. உடனே வந்து, உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து, அளந்து எழுதியவர் மேலே சொன்ன அதே ஆல்பர்ட் ஹைம்தான். சிகரத்து வரியின் பொருளை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தவர், அதன் அடிவாரத்துச் சரிவை மட்டும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்தார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பெரும் பாறைச்சரிவுகளைப் பற்றிய இன்றைய அறிவியலின் தொடக்கங்களில் அவரது எல்ம் அறிக்கையும் ஒன்று.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊற்றுநீரை மூலதனமாக்கி 1927 முதல் தயாராகும் எலுமிச்சைப் பானம் எல்ம் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. பழைய மரவீடுகளைப் பேணியதற்காக, சரிவு நிகழ்ந்து சரியாக நூறாண்டு கழித்து, 1981இல் வாக்கர் விருது கிடைத்தது. 1988இல் இரண்டும் 1994இல் ஒன்றுமாக மூன்று ஒலிம்பிக் தங்கங்களைப் பனிச்சறுக்கில் வென்ற வ்ரேனி ஷ்னைடர் இவ்வூரைச் சேர்ந்தவர். 2006இல் மாநில மக்கள் திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி வாக்களித்து இருபத்தைந்து ஊராட்சிகளை மூன்றாகக் குறைத்தார்கள்; அதன்படி 2011 முதல் எல்ம் தனி ஊராட்சியன்று, கிளாருஸ் தெற்கு என்னும் நிர்வாகத்தின் ஒரு பகுதி.

நேரில் பார்க்க விரும்பினால் சூரிச்சிலிருந்து ஷ்வாண்டன் வரை இரயிலில் வந்து, எல்ம் பேருந்தில் ஏறுவதற்கு முன் அருகிலுள்ள லோக்ஸைட் பாறைமுகத்திற்கு நடந்து செல்லுங்கள். சிகரங்களில் தொலைவில் தெரியும் அந்த வரி இங்கே கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது: மேலே கரடுமுரடான பழைய பாறை, கீழே உதிரும் கருமையான இளைய பாறை, இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப் பிசைந்த வெளிறிய சுண்ணாம்புப் பட்டை. இதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போனால் மலையில் தெரிவது என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.