கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கச்சேரி பியானோ கலைஞர் ஆக முடியுமா?

ஒன்பது வயது மகள் 61 கட்டை கீபோர்டில் கற்கிறாள், சர்வதேசப் பரிசு வாங்கும் அளவுக்கு வருவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கீபோர்டை மாற்றுங்கள். அதன் கட்டைகளில் கனமே இல்லை. விரல் அழுத்தத்தால் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் வராது, நிஜப் பியானோ முன் கை திணறும். 88 கட்டையும், நிஜப் பியானோவில் கம்பியைத் தட்டும் சுத்தியல் தருவது போன்ற கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ ஆரம்பத்துக்குப் போதும். நல்ல ஆசிரியருக்கு ஓசூர் தாண்டி பெங்களூரு போகவேண்டி வரலாம். வாரம் ஒருமுறை போதும், தினசரிப் பயிற்சிதான் வளர்க்கும்.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளில் எட்டாம் கிரேடு வாசற்படி மட்டுமே. (சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும் பலர் நின்றுவிடுவார்கள்.) அடுத்து கன்சர்வேட்டரி எனும் உயர் இசைக் கல்லூரி, பிறகே பெரிய போட்டிகள். போலந்துத் தலைநகர் வார்சாவில், இசையமைப்பாளர் ஷோப்பன் பெயரில் நடக்கும் பியானோ போட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை. வயது 16 முதல் 30. ஷோப்பன் படைப்புகளை மட்டுமே வாசிக்கவேண்டும். பரிசுப் பணத்தைவிட, அதன்பின் வரும் கச்சேரி வாய்ப்புகளே பிழைப்பு.