மாரிஸ் மைனரில் சுவிட்ச் சூடாவது பற்றி

வணக்கம் ஐயா. கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் தங்கள் 1956 மாரிஸ் மைனர் காரின் ஹெட்லைட்டுக்கு 60 வாட் ஹாலஜன் பல்புகள் போட்டபின் சுவிட்ச் சூடாகி, வெளிச்சமும் மங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கின்றன. அத்தனையும் அந்தப் பழைய சுவிட்சின் வழியாகவே போகிறது.

முதலில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். எங்கள் பெரியப்பாவின் காரில் நான் அப்படி வளைத்தபோது, துணிப் பின்னலுக்குள் இருந்த ரப்பர் மூக்குப்பொடி போல விரலில் உதிர்ந்தது. தங்களுடையதும் உதிர்ந்தால், டேப் சுற்றி ஒப்பேற்றாமல் வயரிங் முழுவதையும் மாற்றிவிடுங்கள். தீப்பிடித்தபின் வருந்திப் பயனில்லை.

டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் மின்சாரம் கொடுத்தால், சுவிட்சின் மேல் ரிலேவை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே விழும். கம்பெனி வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது என்பதால் இந்த ஃபியூஸைத் தவிர்க்கவே கூடாது. யாரும் மாற்றியிருக்காவிட்டால், பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இதைக் காரைக்குடி எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லி, டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலேவையே வாங்கச் சொல்லுங்கள்; முனை மாறினால் டயோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும். டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர்தான் என்பதால், 100 வாட் பல்புகளை நினைக்கவும் வேண்டாம்.