வாசகர் கேள்வி: சுடுகாட்டுப் பாதை எங்க போச்சு?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்க ஊரு. சுடுகாடு வாய்க்காலுக்கு அக்கரைல இருக்கு. அந்தக் காலத்துல மாட்டுவண்டியே போகும்னு பெரியவங்க சொல்றாங்க, இப்ப வரப்பு அகலம்தான் மிச்சம். போன ஐப்பசில சித்தப்பாவ இடுப்பளவு தண்ணில தூக்கிட்டுப் போனோம். யாரைப் பாத்து என்ன கேக்கணும்?

பதில்: உங்க கடுதாசியப் படிச்சதும் எங்க பெரியப்பா சாவுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அடைமழை. முன்னாடி போனவர் காலால தடவித் தடவி மேடு பாத்து வழி சொல்றாரு, பின்னாடி நாலு பேரு பாடைய தோள்லேந்து தலைக்கு மேல தூக்கிட்டாங்க, கொள்ளிச்சட்டி வச்சிருந்த அண்ணன் அது நனையக் கூடாதேன்னு ஒரு கைய ஒசத்திப் பிடிச்சிக்கிட்டே அழுதுக்கிட்டு வந்தாரு. அங்க போனா எரிமேடைக்குக் கூரை இல்ல. வறட்டி அடுக்கி வைக்கோல் போட்டு சேறு பூசி மூட்டம் போட்டும் சரியா பத்தல. அன்னிக்கு எல்லாரும் பாதை பாதைன்னு பேசுனோம், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் மறந்துட்டோம். அதனால சொல்றேன், சாவு விழாத நாள்லதான் இந்த வேலையில இறங்கணும்.

மொதல்ல விஏஓகிட்ட (கிராம நிர்வாக அலுவலர்) போயி ஊரு நெலக் கணக்கு இருக்கற அ-பதிவேடும், நெலத்தோட அளவு காட்டுற புலப்படமும் பாருங்க. சுடுகாடு எந்த சர்வே நம்பர், எவ்வளவு பரப்பு, பாதைக்குன்னு தனியா உட்பிரிவு இருக்கான்னு அதுல தெரியும். பாதை புறம்போக்குன்னு இருந்தா உங்க கை ஓங்கியாச்சு, அளந்து கல் நடச் சொல்லி தாசில்தாருக்கு மனு குடுங்க, வருஷா வருஷம் ஊர்க் கணக்கு சரிபாக்கற ஜமாபந்திலயும் குடுக்கலாம், ஆக்கிரமிப்ப எடுக்க 1905ஆம் வருஷத்து சட்டமே இருக்கு. அப்படி இல்லாம பட்டா நெலத்துல வழக்கமா நடந்துட்டு வந்த வழின்னா கதை வேற. நெலத்துக்காரர் மனசு வச்சு குடுக்கணும், குடுத்தா ஊராட்சி பேருக்கு தானப் பத்திரமா பதிவு பண்ணிக்கணும். "போங்கப்பா, நான் என்ன சொல்லப் போறேன்"னு அவர் சொல்ற வாய்வார்த்தை அவரோடயே போயிடும், நாளைக்கு மகன் வேலி போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?

அளக்கறத தை, மாசில வச்சுக்கோங்க. அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சு கெடக்கும், சர்வேயர் சங்கிலி போடலாம், யாரோட பயிரும் மிதிபடாது. ஆத்துல தண்ணி வந்து நடவும் ஆயிட்டா வரப்புல நின்னு சண்டைதான்.

சுடுகாட்ட பராமரிக்கறது ஊராட்சியோட கட்டாயக் கடமை, 1994 ஊராட்சிகள் சட்டம் 110வது பிரிவுல இருக்கு. கிராம சபைல எழுந்து நின்னு பாதை, கொட்டகை, அடிபம்பு மூணையும் தீர்மானத்துல எழுத வைங்க. இன்னொண்ணும் கேட்டுக்கறேன். நம்ம டெல்டால பல ஊர்ல தெருவுக்கு ஒரு சுடுகாடு, அதுல காலனிக்காரங்க போற பாதைதான் இருக்கறதுலயே மோசமா இருக்கும். உங்க மனுவுல அந்தப் பாதையையும் சேர்த்து எழுதுங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

கேள்வி: செத்தவங்களுக்கு கோயில் கட்டுற வழக்கம் நம்ம பக்கம் இருந்துச்சா?

பதில்: இருந்துச்சு, அதுக்குப் பேரு பள்ளிப்படை. பட்டீஸ்வரம் போனா ராமநாதன் கோயில்னு கேளுங்க, ராஜராஜனோட தேவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை அது. மாற்றாந்தாய்க்கு மகன் கட்டுனது, எனக்கு அங்க போனா தொண்டை அடைச்சுக்கும். தஞ்சாவூர்ல மராட்டிய ராஜாக்களோட சமாதிகள் ராஜா கோரில இருக்கு, அதையும் பாருங்க.

கேள்வி: பொறையார் பக்கம் கல்லறைத் தோட்டத்துல எங்க முப்பாட்டனோட செங்கல் கல்லறை இருக்கு. ஆலங்கன்னு மொளச்சு வெடிச்சிருக்கு. கொத்தனார் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிடலாம்ங்கறார். செய்யலாமா அய்யா?

பதில்: வேண்டாம்மா. அது சுண்ணாம்புக் கட்டு, உள்ள ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா மூச்சு விட்டு வெளிய வந்துடும். மேல சிமெண்ட அப்புனா ஈரம் மாட்டிக்கும், கடக்கரை மண்ணுல உப்பு வேற, செங்கல் மொகம் பொடிப் பொடியா உதிரும். கை வச்சா மாவாட்டம் வரும், நானே தடவிப் பாத்திருக்கேன். சலிச்ச மணலும் நீத்துன சுண்ணாம்பும் கலந்து பூசத் தெரிஞ்ச ஆளாத் தேடுங்க. ஆலங்கன்னப் பிடுங்காதீங்க, வேரோட செங்கலும் வந்துடும். அடியோட அறுத்துட்டு, திரும்பத் துளிர்க்குதான்னு மாசா மாசம் பாத்து அறுங்க, வேர் செத்தப்புறம் சந்த அடைக்கலாம். எழுத்து இருக்கற கல்லுல ஆசிட், கம்பி பிரஷ் ரெண்டும் படவே கூடாது, வெறும் தண்ணியும் மெத்துன்னு ஒரு பிரஷும் போதும். காலைல ஏழு மணி வெயில் சாய்வா விழும்போது போய் பாருங்க, அழிஞ்சுபோச்சுன்னு நெனச்ச எழுத்து நிழலோட எழுந்து நிக்கும், அப்பவே போட்டோ எடுத்துடுங்க. பக்கத்துல தரங்கம்பாடிதானே, டேனிஷ்காரங்க 1620ல வந்து 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போன ஊரு, அங்க வந்து ஊழியம் பண்ணி 1719ல எறந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு புது எருசலேம் கோயில்ல அடக்கமாயிருக்கார். உங்க முப்பாட்டன் பேரும் அதே மண்ணுலதான் நிக்குது.

கேள்வி: அப்பா ஆசப்பட்டார்னு எங்க தென்னந்தோப்புலயே அடக்கம் பண்ணலாமா?

பதில்: அனுமதி இல்லாத எடத்துல கூடாதுங்க. 1999ல வந்த ஊராட்சி மயான விதிகள் அப்படித்தான் சொல்லுது, 2023ல சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதையே உறுதி பண்ணிடுச்சு. புதுசா மயானம் அமைக்கறதுன்னாலும் வீட்டுக்கும் குடிதண்ணி எடத்துக்கும் 90 மீட்டர் தள்ளி இருக்கணும். அப்பாவ ஊர் மயானத்துலயே வைங்க, தோப்புல அவர் பேர்ல ஒரு தென்னம்பிள்ள நட்டுக்கோங்க.