மச்சான் சொல்லும் ரைபிள்

கேள்வி: அடுத்த வருடம் குடும்பத்தோடு கனடா, அல்பேர்ட்டாவுக்குப் போகிறேன். அங்கே மச்சான் மான் வேட்டைக்காரர். "300 மேக்னம் வாங்கு, ஒரே வெடியில் விழும்" என்கிறார். அப்பாவின் பன்னிரண்டு போர் (12-bore) சன்னத் துவக்கால் வயலில் பன்றி விரட்டியது மட்டும்தான் என் அனுபவம். எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: உப்புவெளிக்குத் திரும்பி வருமுன் பத்தொன்பது வருடம் கல்கரியில் இருந்தவன் நான், தம்பி. கடைக்காரர் ஒருவர் என் தலையிலும் அந்த 300 வின்செஸ்டர் மேக்னத்தைத்தான் கட்டினார். மூன்றாவது வெடியிலேயே தோள் கன்றிவிட்டது. தோளைவிடக் கெட்டுப்போனது கண். விசையில் விரல் பட்டதும் தானாக மூடிக்கொள்ளும். ஒருநாள் கூட வந்தவர், எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்று ரவை ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் ஒரு சாண் கீழே குத்தியது! பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதை விற்றுவிட்டு 243 வின்செஸ்டர் (ரவை 0.243 அங்குலத் தடிப்பு) வாங்கினேன். உதை பாதிகூட இல்லை. அல்பேர்ட்டாவில் மான் போன்ற பெரிய மிருகங்களுக்கு 0.23 அங்குலத்துக்குக் குறைந்த ரவை கூடாது. இது அதைத் தாண்டியது, 100 கிரெயின் (ரவையின் எடை அளவு) ரவை மானுக்குத் தாராளம். மூஸ் எனும் மிகப் பெரிய மான் மீதும் ஆசை உண்டென்றால் 308 வின்செஸ்டர். போல்ட் இழுத்துச் சுடுகிற சாதாரண ரைபிள் போதும். அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு எட்டவேண்டும், அவ்வளவுதான் அளவு. மிச்சக் காசை ரைபிளின்மேல் பூட்டும் நல்ல தொலைநோக்கிக்குப் போடுங்கள். இதெல்லாம் பாதுகாப்புப் பாடநெறி முடித்து பி.ஏ.எல். எனும் துவக்கு உரிமம் கையில் வந்தபிறகுதான். அது இல்லாமல் ரவைகூட விற்கமாட்டார்கள்.

உங்களுக்கு உள்ள சிக்கல் அப்பாவின் துவக்குதான். சன்னம் பரவிப் போகும், அதனால் கை காட்டிய பக்கம் சட்டென்று விசையைத் தட்டிப் பழகியிருப்பீர்கள். ரைபிளில் போவது ஒரே ரவை. மூச்சில் பாதியை விட்டு, நிறுத்தி, எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியாதபடி மெல்ல அழுத்தவேண்டும். ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, ரைபிளின் ரவைக்கூடு வெறுமை என்று இரண்டுமுறை பார்த்து, குழலின்மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி அழுத்திப் பாருங்கள். நாணயம் விழாத நாள்வரை ரவை செலவழிக்காதீர்கள். சின்ன ரவை போடும் 22 ரைபிளில் மட்டும் வெற்றாகத் தட்டவேண்டாம், வெடி ஊசி ரவைக்கூட்டின் விளிம்பில் பட்டு மழுங்கலாம். ஆனால் ரவை போட்டுப் பழக அதைவிட மலிவு கிடையாது.

மேசையில் சாய்த்துச் சுட்டு மெச்சிக்கொள்ளவேண்டாம். தரையில் உட்கார்ந்து, 100 யார் தூரத்தில் ஐந்து ரவையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குள் விழட்டும். கோட்டைக்குள் கோணேசர் கோயில் வழியில் நிற்கும் புள்ளிமான்கள் மாதிரி அங்கத்தைய மான் வாழைப்பழத்தோலுக்குக் கிட்ட வராது; உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நொடி.

மச்சானோடு சண்டை வேண்டாம். வாங்குமுன் அவருடைய மேக்னத்தையே கேட்டு வாங்கி மூன்று வெடி வையுங்கள்.