தினமும் 4 லிட்டர் தண்ணி எல்லாருக்கும் ஒத்துக்குமா?

மதுரைல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. 38 வயசு, ஜவுளிக்கடைல சேல்ஸ் வேலை, காலைல 10 மணிக்கு நின்னா ராத்திரி 9 மணி வரைக்கும் நிக்கணும். வீட்டுக்காரர் டூவீலர்ல டெலிவரி பண்றார். மாமியாருக்கு 68 வயசு, இதயம் வீக்கா இருக்குன்னு நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறாங்க. "தினமும் 4 லிட்டர் குடிக்கணும், அதுல ஒரு லிட்டர் காலைல வெறும் வயித்துலன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, அத்தையும் குடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு வேற அடிக்கடி நீர்க்கடுப்பு வருது, நாங்க மூணு பேரும் எவ்ளோதான் குடிக்கணும்?"னு கேட்டிருக்காங்க.

முதல்ல அத்தை விஷயம், அவசரம் அதுலதான் இருக்கு. அந்த 4 லிட்டரை இன்னைக்கே நிறுத்த சொல்லுங்க, டாக்டர் ஏற்கனவே ஒரு அளவு சொல்லியிருந்தா அந்த அளவுக்கே திரும்பிடணும். இதயம் சரியா பம்ப் பண்ணாதப்போ உடம்புல தேங்குற நீரை வெளியேத்தத்தான் அந்த மாத்திரையே குடுக்கறாங்க, ஒரு பக்கம் மாத்திரை போட்டு நீரை இறக்கிட்டு இன்னொரு பக்கம் சொம்பு சொம்பா ஏத்துனா கால் வீங்கும், படுத்தா மூச்சு வாங்கும், ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. இது ஒரு ஆபத்துன்னா இன்னொண்ணும் இருக்கு, நீர் மாத்திரை சாப்பிடுற வயசானவங்க தண்ணியையும் நிறைய குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். சோடியம் 135ல இருந்து 145க்குள்ள இருக்கணும், 120க்கு கீழ போச்சுன்னா ஆள் குழம்பிடுவாங்க, என்ன பேசறோம்னே தெரியாது, சில பேருக்கு ஃபிட்ஸே வந்துடும். "வயசாச்சுல்ல, ஏதோ உளர்றாங்க"ன்னு வீட்ல விட்டுடறாங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

பொதுவா இந்த மாதிரி இதய நோயாளிகளுக்கு 1.5ல இருந்து 2 லிட்டர்னு டாக்டர் சொல்வாங்க, ஆளுக்கு ஆள் மாறும், அதனால அத்தையோட டாக்டர்கிட்டயே "ஒரு நாளைக்கு மொத்தம் எவ்ளோ?"ன்னு நேரா கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க. மொத்தம்னா தண்ணி மட்டும் இல்ல, காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதுக்குள்ளதான் வரணும். தினமும் காலைல யூரின் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க, மூணு நாள்ல 2 கிலோக்கு மேல ஏறுச்சுன்னா அது சதை இல்ல, நீர், உடனே டாக்டருக்கு போன் பண்ணணும். இளநீர் நல்லதுதானேன்னு தினமும் வாங்கி குடுக்காதீங்க, அதுல பொட்டாசியம் அதிகம், சில இதய மாத்திரைங்க கூட சேர்ந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடும், கிட்னி வீக்கா இருந்தா இன்னும் மோசம். அதே சமயம் பயந்துபோய் தண்ணியே குடுக்காம விடறதும் தப்பு, வயசாக வயசாக தாகம் தெரியறது குறைஞ்சிடும், அவங்களுக்கு வயித்தால போகுது, வாந்தி எடுக்கறாங்கன்னா நீர் மாத்திரைய அன்னைக்கு போடணுமா வேண்டாமான்னு டாக்டரை கேட்டுட்டு போடுங்க.

இந்த 4 லிட்டர், 8 டம்ளர் கணக்கெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, 1945ல அமெரிக்காவுல ஊட்டச்சத்து குழு ஒண்ணு பெரியவங்களுக்கு தினம் 2.5 லிட்டர் தண்ணி வேணும்னு எழுதுச்சு, ஆனா கூடவே அதுல பெரும்பங்கு சாப்பாட்டுலயே இருக்குன்னும் எழுதியிருந்தாங்க, அந்த ரெண்டாவது வரிய எல்லாரும் விட்டுட்டாங்க. 2002ல ஹெய்ன்ஸ் வால்ட்டின்னு ஒரு கிட்னி நிபுணர் இந்த 8 டம்ளருக்கு ஆதாரம் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு அப்படி ஒரு ஆதாரமும் கிடைக்கலன்னு எழுதினார். ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு 2010ல சொன்ன அளவு பொம்பளைங்களுக்கு 2 லிட்டர், ஆம்பளைங்களுக்கு 2.5 லிட்டர், அதுவும் சாப்பாட்டுல வர்ற தண்ணியையும் சேர்த்து. நம்ம சோத்துலயே முக்கால்வாசி கிட்ட தண்ணிதான், அது மேல சாம்பார், ரசம், மோர்னு ஊத்திக்கறோம். ஆனா அங்க குளிர், இங்க வெயில், அதனால நோய் எதுவும் இல்லாத, நிழல்ல வேலை பாக்குற ஒருத்தர் நம்ம ஊர்ல காபி, மோர் எல்லாம் சேர்த்து 2ல இருந்து 2.5 லிட்டர் குடிச்சா போதும்னு நான் சொல்வேன், வெயில் காலத்துல கொஞ்சம் கூட. வெறும் வயித்துல ஒரு லிட்டர்னு தனி மகிமை எதுவும் இல்ல, நல்லா இருக்கற கிட்னி உபரியா இருக்கற தண்ணிய ரெண்டு மூணு மணி நேரத்துல யூரினா வெளிய தள்ளிடும், அவ்ளோதான். கிட்னியால மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேத்த முடியும், அதுக்கு மேல மடமடன்னு குடிச்சா ஆரோக்கியமானவங்களுக்கே சோடியம் இறங்கும்.

உங்க வீட்டுக்காரருக்கு இந்த கணக்கு பத்தாது. மே மாச வெயில்ல வண்டி ஓட்டுறவருக்கு வேர்வையா மட்டும் பல லிட்டர் போகும். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காம 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி கிட்ட குடிக்கணும், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு போறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும் எடை பாக்க சொல்லுங்க, ஒரு கிலோ குறைஞ்சிருந்தா ஒரு லிட்டர் பாக்கின்னு அர்த்தம். வேர்வைல உப்பும் போகுது, அதனால நேரத்துக்கு சாப்பிடணும், மதியம் உப்பு போட்ட மோரோ கஞ்சியோ நல்லது. ரொம்ப வேர்த்து கால் பிடிச்சு இழுத்தா ஓஆர்எஸ் பாக்கெட் கரைச்சு குடிக்கலாம், ஆனா பாக்கெட்ல எவ்ளோ தண்ணில கரைக்கணும்னு போட்டிருக்கும், அத பாத்துக்கங்க, பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. டப்பால விக்கிற இனிப்பு ட்ரிங்க்ஸ் ஓஆர்எஸ் ஆகாது. இதுக்கு முன்னாடி அவருக்கு கிட்னில கல் வந்திருந்தா கணக்கே வேற, தினம் 2.5 லிட்டர் யூரின் வெளிய போற அளவுக்கு குடிக்கணும்.

இப்ப உங்க விஷயம். நீங்க ஒரு வரில எழுதிட்டு தாண்டிட்டீங்க, கடைல டாய்லெட் மூணாவது மாடில, கேட்டுட்டு போகணும்கிறதால பகல்ல தண்ணியே குடிக்கறதில்லன்னு. உங்க நீர்க்கடுப்புக்கு இது பெரிய காரணமா இருக்கலாம்னு நினைக்கறேன். தண்ணி குறைஞ்சா யூரின் குறையும், அடக்கி வச்சா கிருமி உள்ளயே தங்கி பெருகும், யூரின் அப்பப்ப போனாத்தான் கிருமியும் கழுவிக்கிட்டு போகும். 2018ல வந்த ஒரு ஆய்வுல, அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வந்த, தினம் 1.5 லிட்டருக்கும் கம்மியா குடிச்ச 140 பெண்கள்ல பாதி பேரை கூடுதலா 1.5 லிட்டர் தண்ணி குடிக்க வச்சாங்க, ஒரு வருஷத்துல இவங்களுக்கு சராசரியா 1.7 தடவைதான் இன்ஃபெக்ஷன் வந்துச்சு, மத்தவங்களுக்கு 3.2 தடவை.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்ல ரெண்டு டம்ளர், கடைல மணிக்கு ஒரு தடவை நாலு வாய், மதியம் சாப்பாட்டோட ரெண்டு டம்ளர், சாயங்காலம் டீயோட ஒரு டம்ளர்னு பிரிச்சுக்கங்க, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாய்லெட் போயிடுங்க. யூரின் வெளிர் மஞ்சளா இருந்தா சரி, அடர் மஞ்சளா போனா பத்தலன்னு அர்த்தம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டா மட்டும் எப்படியும் மஞ்சளாத்தான் போகும். 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டத்தை திருத்தித்தான் கடை ஊழியர்களுக்கு உக்காந்துக்கற உரிமையே வந்துச்சு, டாய்லெட் போறது அதைவிட அடிப்படையான விஷயம், நீங்க ஒருத்தரா கேக்க தயக்கமா இருந்தா கூட வேலை பாக்கற அக்காங்களோட சேர்ந்து மேனேஜர்கிட்ட பேசுங்க, இதே கஷ்டம் அவங்களுக்கும் இருக்கும்.

இப்பவும் எரிச்சல் இருந்தா தண்ணி மட்டும் குடிச்சு சமாளிக்காதீங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி போடாம, யூரின் டெஸ்ட்டும் கல்ச்சரும் குடுத்துட்டு டாக்டர் எழுதுற மருந்தை போடுங்க, அடிக்கடி வர்றதால சுகரும் பாத்துடுங்க. குளிர் ஜுரம், இடுப்புக்கு மேல முதுகுல வலி, வாந்தி இதுல எது வந்தாலும் லீவு போட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.