வாலாட்டிக் கேள்விகள்: கப்பன் பார்க்கில் கயிற்றை அவிழ்க்கலாமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கமிருந்து கொண்டுவந்த சிப்பிப்பாறை நாய், இரண்டு வயது. பெங்களூரில் சர்ஜாபூர் ரோட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் போனால் மற்ற நாய்கள் கயிறில்லாமல் ஓடி விளையாடுகின்றன, எங்களுடையது மட்டும் இழுத்து இழுத்து இருமுகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. அவிழ்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. பக்கத்து வீட்டு லாப்ரடாருக்குச் சரிப்படுவது சிப்பிப்பாறைக்குச் சரிப்படாது. இது கண்ணால் வேட்டையாடும் நாய், முயல் துரத்தவென்றே கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். நூறடி தள்ளி ஓர் அணில் அசைந்தால் போதும், ஓட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குள் வண்டி வராது, சரி, ஆனால் வெளியே வந்தால் கஸ்தூர்பா ரோடு. யோசித்துப் பாருங்கள். அவிழ்த்தே ஆகவேண்டும் என்றால் நாய்களுக்கென்று வேலி போட்ட இடத்துக்குள் மட்டும், அதுவும் கூட்டம் குறைவான நேரத்தில்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022இல் கப்பன் பார்க்குக்குள் நாயே வரக்கூடாது என்று தோட்டக்கலைத் துறை தடை போடப் பார்த்தது. சொன்ன காரணங்கள் கயிறில்லாமல் திரிவதும், கக்காவை அள்ளாமல் போவதும்தான். எதிர்ப்பு கிளம்பியதால் தடை நடக்கவில்லை. ஊரின் இன்னொரு பெரிய பார்க்கான லால்பாக்கில் ஏற்கெனவே செல்லப்பிராணிகளுக்கு அனுமதி கிடையாது. நாய் வளர்க்க நல்ல ஊர் என்று பெங்களூருக்கு இருக்கிற பேர், கையில் கயிறும் பையில் ஒரு கவரும் வைத்திருக்கிறவர்களால் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இருமல்தான் எனக்குக் கவலை. சிப்பிப்பாறைக்குக் கழுத்து நீளம், தலை ஒடுக்கம். சாதாரண காலரை இறுக்கினால் தொண்டையை அழுத்தும், தளர்த்தினால் தலை வழியாகக் கழன்றுவிடும். மார்டிங்கேல் காலர் என்று கேளுங்கள், அகலப் பட்டையாக, இழுத்தால் ஓரளவுக்கு மேல் இறுகாதது. இல்லையென்றால் மார்புப்பட்டை. ஐந்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்கி அதை மார்புப்பட்டையில் மட்டும் மாட்டுங்கள், ஓடிப்போய்ச் சுண்டினால் கழுத்துக்கு ஆபத்து. காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பி, அது எங்கே முகர்ந்து நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு இழுத்துப் போகிற ஒரு மணி நேரத்தைவிட, முகரவிட்ட அரை மணி நேரம் நாயை நன்றாகக் களைப்பாக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறிய பிறகு போவதென்றால் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் நாயை லிப்டில் ஏற்றக்கூடாது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. எட்டாவது மாடி, வயசான நாய். என்ன செய்ய?

பதில்: அப்படித் தடை போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் அனுப்பிய சுற்றறிக்கையில் இது இருக்கிறது: லிப்டில் தடை கூடாது, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது, பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் நாய் வளர்ப்பதையே தடுக்க முடியாது. அதை அச்செடுத்து, சண்டைத் தொனி இல்லாத ஒரு கடிதத்தோடு கொடுங்கள். ஆனால் லிப்டில் ஏற்கெனவே ஒரு குழந்தையோ பயப்படுகிற பாட்டியோ நின்றால், அடுத்த லிப்டுக்குக் காத்திருங்கள். சட்டத்துக்காக இல்லை, நாளைக்கும் அதே பாட்டியைத்தானே பார்க்கப்போகிறீர்கள்.

கேள்வி: வாரக்கடைசியில் நாயோடு துரஹள்ளி, பன்னேர்கட்டா பக்கம் மலையேறலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: வனத்துறை காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பக்கங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. வேறு இடம் கிடைக்கும்.

சிறுத்தையைவிட நான் பயப்படுவது உண்ணிக்குத்தான். இந்த ஊரின் மிதமான குளிர் நமக்கு எவ்வளவு சுகமோ உண்ணிக்கும் அவ்வளவு சுகம், வருஷம் முழுக்க இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், அதுவும் நாய் மேல் இல்லை, உங்கள் வீட்டுச் சுவர் விரிசலில். எங்கள் நாட்டுநாய்க்கு ஒரு ஜூலையில் காய்ச்சல். சோற்றைத் தொடவில்லை. ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்த பிறகு வேறு டாக்டரிடம் ஓடி, ரத்தப் பரிசோதனை செய்து, உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்து, நான்கு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்துக் காப்பாற்றினோம். அன்றிலிருந்து வெளியே போய் வந்தால் காது மடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடுவதில்லை. நாய் இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு கிடந்து, ஈறும் வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். உண்ணி மாத்திரை எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஏரிப்பக்கம் போனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள். அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், தடுப்பூசி போட்டிருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பொங்கலுக்கு மதுரைக்கு ரயிலில் நாயைக் கூட்டிப்போக முடியுமா?

பதில்: முடியும். ஏசி முதல் வகுப்பில் கூபே என்கிற இரண்டு படுக்கை அறையோ நாலு படுக்கைக் கேபினோ முழுக்க உங்களுக்கே கிடைத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம், ரயில் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் பார்சல் ஆபீசுக்குப் போய் நாய்க்குப் பதிவு செய்துவிடுங்கள், தடுப்பூசி அட்டையோடு. கூபே கிடைக்காவிட்டால் ரயில் கார்டு (guard) இருக்கும் பெட்டியில் நாய்க்கூண்டு உண்டு. நான் என் நாயை அதில் போடமாட்டேன், கார் எடுத்துவிடுவேன். ஓசூர் தாண்டியதும் முதல் டீக்கடையில் நிறுத்துங்கள், இரண்டு பேருக்கும் அவசரமாக இருக்கும்.