ஆங்கிலத்தில் 'கர்ப்' (curb) என்றால் தடையா, கட்டுப்பாடா? ஓரக்கல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: 'பணவீக்கத்தை கர்ப் செய்ய நடவடிக்கை' என்று ஆங்கிலச் செய்திகளில் வருகிறது. அகராதியில் அதே சொல்லுக்கு நடைபாதை ஓரக்கல் என்றும் போட்டிருக்கிறார்கள். இதில் எது நேர்ப்பொருள்? தமிழில் 'தடை' என்று எழுதலாமா?

பதில்: 'தடை' என்று எழுத வேண்டாம். செய்தி மொழிபெயர்ப்புதான் என் வேலை. இந்த ஒரு சொல்லைத் 'தடை' ஆக்கியதால் செய்தியே வேறாகிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் புரிய, குதிரையின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

கடிவாளத்தில் பல வகை உண்டு. எளிமையானது ஸ்னாஃபில். வாய்க்குள் ஒரு இரும்புத் துண்டு, அதன் இரண்டு முனைகளிலும் வளையம், வளையத்தில் நேராக வார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் அழுத்தும். கர்ப் கடிவாளம் அப்படி இல்லை. வாய்க்கு வெளியே இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். வாரை அவற்றின் அடிநுனியில்தான் மாட்டுவார்கள். மோவாய்க்கு அடியில் உள்ள பள்ளத்தில் ஒரு சிறிய சங்கிலி ஓடும். வாரை இழுத்தால் கைகள் நெம்புகோல் போலத் திரும்பும்; சங்கிலி இறுகும்; வாய்க்குள் இருக்கும் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறில் அழுத்தும்; உச்சந்தலை வாரிலும் அழுத்தம் ஏறும். கை நீளமாக இருந்தால் விசையும் அதற்கேற்பப் பெருகும். முரட்டுக் கையில் கிடைத்தால் குதிரையின் வாய் புண்ணாகிவிடும். பழகிய கைக்கு விரல் அசைவே போதும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு மேய்ப்பவர்கள் வாரைத் தளரவிட்டு ஒரே கையில் பிடித்துச் சவாரி செய்வது இதனால்தான்.

அந்த மோவாய்ச் சங்கிலிக்கும், அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த தோல் வாருக்கும்தான் ஆங்கிலத்தில் முதலில் கர்ப் என்று பெயர். வளைப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து இப்படி ஆனது. வளைவைக் குறிக்கும் 'கர்வ்' இதற்கு உறவு. சங்கிலி இறுகும்போது குதிரை கழுத்தை வளைத்துத் தாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும் அல்லவா, அந்த வளைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: குதிரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வேகம் மட்டும் சவாரி செய்பவரின் கைக்குள் இருக்கிறது. உருவகமாக வரும் இடங்களிலும் இந்தச் சொல் பெரும்பாலும் இதே பொருளைத்தான் சுமக்கிறது. 2022 மே மாதம் இதற்கு நல்ல உதாரணம். அந்த மாத நடுவில் இந்திய அரசு கோதுமை ஏற்றுமதியைச் சில விதிவிலக்குகளுடன் தடை செய்தது. சில நாட்கள் கழித்து சர்க்கரை ஏற்றுமதிக்கு 100 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. முதலாவது தடை. இரண்டாவது கர்ப், சர்க்கரை கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது, அளவுக்குள். இரண்டையும் 'தடை' என்று தமிழில் போட்டால் கரும்பு விவசாயி என்ன நினைப்பார்?

பணவீக்கமும் அப்படியே. ரிசர்வ் வங்கியின் இலக்கு பூஜ்யம் இல்லை, 4 சதவீதம். மேலும் கீழும் 2 சதவீதம் வரை போகலாம். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது விலைவாசி உயர்வை அந்த வரம்புக்குள் கொண்டுவரத்தான். இங்கே 'மட்டுப்படுத்த', 'கட்டுக்குள் வைக்க' என்று எழுதுங்கள். 'கடிவாளம் போட' என்பதும் தாராளமாகப் பொருந்தும், தமிழில் ஏற்கெனவே புழங்குவதுதான். (ஆனால் நேரே மட்டும் பார்ப்பவரைக் 'கடிவாளம் கட்டிய குதிரை' என்கிறோமே, அது பொருந்தாது. பக்கவாட்டுப் பார்வையை மறைப்பது கண்பட்டை.) கோவிட் காலத்தில் ஆங்கிலத் தலைப்புகளில் இந்தச் சொல் பன்மையில் தினமும் வந்தது. அதற்கு நம் நாளிதழ்கள் போட்ட 'கட்டுப்பாடுகள் தளர்வு' மிகச் சரியான தமிழ்.

சரி, ஓரக்கல்? கட்டுப்படுத்துவது என்ற பொருள், ஒன்றைச் சுற்றி அடைத்து நிற்கும் விளிம்புக்கும் போனது. கிணற்றுக் கைப்பிடிச் சுவருக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர் உண்டு. அப்புறம் தெருவோரக் கல்லுக்கும் வந்தது. கல்லைக் குறிக்கும்போது பிரிட்டிஷ்காரர்கள் முதல் எழுத்தையும் உயிரெழுத்தையும் மாற்றிக் 'கெர்ப்' (kerb) என்று எழுதுவார்கள். அமெரிக்கர்களுக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. நியூயார்க்கில் பங்குத் தரகர்களில் ஒரு பிரிவினர் 1921 வரை தெருவோரத்தில் நின்றே வியாபாரம் செய்தார்கள். கட்டடத்துக்குள் போன பிறகும் அந்தச் சந்தைக்கு ஓரக்கல்லின் பெயரே நீடித்தது. 1953-இல்தான் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்று மாற்றினார்கள். நம் ஊர்ப் பங்குச்சந்தைக்காரர்கள் முறையான சந்தைக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தை 'கெர்ப் டிரேடிங்' என்பதும் இந்தக் கல்லிலிருந்து வந்ததுதான். கார் விளம்பரங்களில் வரும் 'கெர்ப் வெயிட்'டும் அதுவே: எரிபொருள் நிரப்பி, ஆளும் சாமானும் ஏறாமல் தெருவோரம் நிற்கும் வண்டியின் எடை.